கலைந்த நிலத்தின் சாட்சியம்

சென்னையிலிருந்து திருவள்ளூர் வழியாகத் திருத்தணிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பிரயாணம் செய்கிறவர்களில் பெரும்பாலோருக்குக் கனகம்மாசத்திரம் என்பது பேருந்து ஒரு நிமிஷம் நின்று புறப்படும் ஊர். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வரும் பக்தர்களுக்கோ, தணிகை மலை இனித் தொலைவில் இல்லை என்று கால்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொள்ளும் இடம். சாலையின் இருமருங்கிலும் நெல்லும் கரும்பும் வேர்க்கடலையும் பருவத்துக்குப் பருவம் மாறி நிற்கின்றன. அவற்றுக்கு அப்பால் மாந்தோப்புகள். தோப்புகளுக்கும் அப்பால், ஆந்திர எல்லையை நோக்கி எழும் சிறு குன்றுகள். அந்தக் குன்றுகளின் கல்லையும், அடிவாரத்துச் செம்மண்ணையும் சரளையையும், ஏரிகளில் படிந்த சவுடு மண்ணையும் நம்பி இம்மாவட்டத்தில் ஒரு தொழில் வளர்ந்து நிற்கிறது. வெள்ளைப் புழுதி படிந்த கிரஷர்களும், ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு இரவு பகல் பாராமல் கிழக்கே ஓடும் டிப்பர் லாரிகளும், சென்னை மாநகரம் மாடிக்கு மேல் மாடியாக வளர்வதற்கு இப்பக்கத்து நிலம் கொடுத்துவரும் விலையை எவருக்கும் நினைவூட்டிக்கொண்டே இருக்கின்றன.

அந்தத் தொழிலின் தூசியைப் பற்றியும் வெடியைப் பற்றியும், பழுதான சாலைகளைப் பற்றியும், அந்தந்த ஊரார் மாவட்ட ஆட்சியரிடம் மனுக்கொடுத்தே வருகிறார்கள். அவர்கள் வழக்கை அவர்களைவிட நன்றாக நான் எடுத்துச் சொல்லிவிட முடியாது. மனுக்கொடுக்க ஆளில்லாத வேறொரு வழக்கு இருக்கிறது. குவாரிக்கென்று குத்தகைக்கு விடப்படும் பட்டா நிலங்களிலும் அவற்றை அடுத்த உழுநிலங்களிலும், மேல்மண்ணோடு கலந்தும் அதற்குக் கீழே புதைந்தும் கிடக்கும் ஆதிமனிதனின் கற்கருவிகள், பிற்காலத்துப் பானை ஓடுகள், ஈமக் குழிகளின் எச்சங்கள் ஆகியவற்றின் வழக்கு அது. எந்த அதிகாரியிடமாவது இதைச் சொன்னால், நியாயம் போலத் தோன்றும் ஒரு பதில் தயாராக இருக்கிறது: அது தலைமுறை தலைமுறையாக உழுது, டிராக்டர் ஓட்டி, வரப்பு வெட்டி, கிணறு தோண்டிய நிலம், அங்கே இனி இடம் பெயராத பொருள் என்ன இருக்கும், அதை ஆராய்ந்து என்ன பிரயோஜனம்? படித்தவர்களும் நம்பும் இந்த அபிப்பிராயம் பிழையானது என்பதையும், அந்தப் பிழை இந்தப் பிரதேசத்தில் மற்ற இடங்களைக் காட்டிலும் அதிகமான நஷ்டத்தை விளைவிக்கிறது என்பதையும் சொல்லவே இக்கட்டுரை.

இந்தப் பிரதேசத்தில் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தியாவின் ஆதிமனித வரலாறு எழுதத் தொடங்கப்பட்டதே சென்னையைச் சுற்றியுள்ள செம்மண்ணில்தான். அதிலும் விசேஷம், அது ஒரு சரளைக் குழியிலிருந்து தொடங்கியது. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேயர் 1858இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தவர். பாறைகளையும் கனிமங்களையும் தேடி வரைபடம் எழுதுவது அவருடைய உத்தியோகம். 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் தேதி, பல்லாவரத்தில் சரளைக்காகத் தோண்டிய ஒரு சிறு குழியருகே வாரிக் கொட்டியிருந்த மண்ணில், மனிதன் கையால் செதுக்கப்பட்டது என்று ஐயமறத் தெரியும் ஒரு கல்லை அவர் கண்டெடுத்தார். பிரான்சு தேசத்தில் சோம் ஆற்றங்கரைச் சரளைக் குழிகளில் கிடைத்த கற்கோடரிகள் உண்மையில் ஆதிமனிதனின் கைவேலையே என்று ஐரோப்பிய அறிஞர்கள் ஒப்புக்கொண்டு அப்போது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே ஆண்டு செப்டம்பர் 28ஆம் தேதி, தம்முடைய சகாவான வில்லியம் கிங்குடன் கொற்றலையாற்றுப் பள்ளத்தாக்குக்கு வந்த ஃபூட், அத்திரம்பாக்கத்துக்கு அருகே ஓடைகள் அரித்த மண்ணில் கற்கோடரிகள் கூட்டமாகக் கிடப்பதைக் கண்டார். குழி தோண்டியவன் தேடியது சரளையை. அதே குழிமண்ணில் ஃபூட் கண்டது வரலாற்றை. ஆகவே குவாரியும் தொல்லியலும் பிறவிப் பகையாளிகள் என்று சொல்வதற்கில்லை. அன்று அந்தக் குழியருகே பார்க்கத் தெரிந்த ஒரு கண் இருந்தது. இன்று நூற்றுக்கணக்கான குழிகள் இருக்கின்றன, அவற்றின் கரையில் நின்று பார்க்கும்படி எவரையும் எந்தச் சட்டமும் அனுப்புவதில்லை.

அத்திரம்பாக்கத்தின் கதை ஃபூட்டோடு முடிந்துவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டில் வி. டி. கிருஷ்ணசுவாமி போன்றவர்கள் இப்பள்ளத்தாக்கின் கற்கருவிகளை ஆராய்ந்தார்கள், 1960களில் கே. டி. பானர்ஜி இந்தியத் தொல்லியல் துறைக்காக அத்திரம்பாக்கத்திலும் குடியம் குகைப் பகுதியிலும் அகழ்ந்தார். சென்னைக் கற்கோடரி மரபு என்றே உலக நூல்களில் ஒரு மரபு பெயர் பெற்றது. 1999 முதல் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தின் சார்பில் நடத்திய அகழாய்வு, அதற்கு முன் எவரும் எதிர்பாராத கால அளவை நமக்குத் தந்தது. அடிப்படுகையில் கிடைத்த கற்கோடரிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் 'சயின்ஸ்' இதழில் வெளியாயிற்று. அதற்கு மேற்படுகைகளில், கருவி செய்யும் முறையே மாறி, சிறு சில்லுகளைத் திட்டமிட்டுப் பெயர்த்தெடுக்கும் இடைப் பழங்கற்காலத் தொழில்நுட்பம் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டது என்று 2018இல் 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. ஆப்பிரிக்காவிலிருந்து நவீன மனிதன் புறப்பட்டு வந்து இக்கலையைக் கொண்டுவந்தான் என்ற பழைய எண்ணத்தை இந்தக் கணக்கு அசைத்துப் பார்த்தது. கனகம்மாசத்திரத்திலிருந்து அத்திரம்பாக்கம் அதிக தூரமில்லை. இரண்டும் ஒரே பள்ளத்தாக்கின் மண். அந்த மனிதர்கள் தங்கள் வாழ்நாளை ஓர் ஓடைக்கரையில் மட்டும் கழித்துவிட்டுப் போனார்கள் என்று நினைக்க ஆதாரம் எதுவுமில்லை. குவார்ட்சைட் கூழாங்கல் எங்கே கிடைத்ததோ, தண்ணீர் எங்கே நின்றதோ, அங்கெல்லாம் அலைந்தார்கள்.

ஒரு விஷயத்தை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். சாந்தி பப்பு அகழாய்வுக்கு முன்னரே, இந்தப் பள்ளத்தாக்கு முழுவதையும் நடந்து திரிந்து, கற்கருவிகள் மண்ணில் எப்படிப் புதைகின்றன, மழையும் அரிப்பும் உழவும் சரளை தோண்டுதலும் அவற்றை எப்படி இடம் பெயர்க்கின்றன என்பதையே ஓர் ஆய்வாகச் செய்தவர். ஒரு கல் இருந்த இடத்தில் இல்லை என்றால் அதைத் தூக்கி எறிந்துவிடுவதா, அல்லது அது எங்கிருந்து எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று விசாரிப்பதா என்ற கேள்விக்கு, விசாரிப்பதே சாஸ்திரம் என்று அவர் காட்டினார். ஆக, உழுத நிலத்தைப் படிக்கும் முறையை நாம் எங்கோ போய்க் கற்றுவர வேண்டியதில்லை. இம்மாவட்டத்து மண்ணிலேயே அதற்கு முன்மாதிரி இருக்கிறது.

கற்காலத்தோடும் காரியம் நின்றுவிடவில்லை. இதே சாலையில் திருவள்ளூருக்கும் கனகம்மாசத்திரத்துக்கும் இடையே உள்ள பட்டறைப்பெரும்புதூரில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2015–16இல் அகழாய்வு நடத்திற்று. ஆனைமேடு, நத்தமேடு, இருளந்தோப்பு என்று ஊரார் வழங்கும் இடங்களில் குழிகள் இறங்க இறங்க, பழங்கற்காலக் கருவிகளிலிருந்து இரும்புக் காலமும், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும், உறைகிணறும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டன. இத்தனை யுகங்களின் அடுக்கு ஓர் ஊரில் அகப்படுவது சாமானியமன்று. அந்த மேடுகள் கோட்டை கொத்தளம் போலக் கண்ணுக்குத் தெரிந்து நின்றவை அல்ல. மாடு மேய்ந்த திடலும் தோப்பும் கழனியுமாகவே ஊரார் அவற்றை அறிந்திருந்தார்கள். சென்னை சட்டக் கல்லூரி இடம் பெயர்ந்தபோது அதன் ஒரு கிளை அதே பட்டறைப்பெரும்புதூரில்தான் அமைந்தது. நிலத்தின் உரிமை பற்றிய வழக்குகளைப் படிக்கும் மாணவர்களுக்கு அதைவிடப் பழைய நிலத்தில் வகுப்பறை கிடைப்பது அரிது என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்லியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

உழவு உண்மையில் என்னதான் செய்கிறது? நாட்டுக் கலப்பை நான்கு முதல் ஆறு அங்குலம் வரை கீறும். டிராக்டரில் பூட்டும் ஒன்பது கலப்பையும் ரோட்டவேட்டரும் அதைவிடச் சற்றே ஆழம் போகும். சட்டிக் கலப்பை ஓர் அடியைத் தொடும். திருவாலங்காட்டுக் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போடுகிறவர், இறுகிய அடிமண்ணை உடைக்க வேளாண்மைத் துறையாரின் யோசனைப்படி உளிக்கலப்பை ஓட்டினால், ஒன்றரை அடிவரை இறங்கலாம். அதற்கு மேல் எந்தக் கலப்பையும் இறங்குவதில்லை. அத்திரம்பாக்கத்தில் அடிப்படுகைக் கோடரிகள் கிடந்தது பல மீட்டர் ஆழத்தில். ஈமப் பேழைகளும் உறைகிணறுகளும்கூட உழுசாலுக்கு நெடுந்தூரம் கீழேதான் அடிகொண்டிருக்கின்றன. உழவு கலைப்பது புத்தகத்தின் மேலட்டையையும் முதல் சில ஏடுகளையுமே. மற்ற ஏடுகள் கட்டுக் குலையாமல் அடியில் கிடக்கின்றன. அது மாத்திரமல்ல, கலைந்த அந்த முதல் ஏடுகளும் அடியில் இன்ன புத்தகம் இருக்கிறது என்று அறிவிப்பவை. கலப்பை ஒரு கற்கோடரியை மேலே புரட்டிப் போடாவிட்டால், அந்த வயலுக்குக் கீழே கற்காலப் படுகை இருக்கிறது என்று எவருக்கு எப்படித் தெரிய வரும்?

புரட்டிப் போட்ட பொருள்கள் எவ்வளவு தூரம் நகர்கின்றன என்பதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆல்பர்ட் அம்மர்மன் என்ற அறிஞர் இத்தாலியில் கலாப்ரியா மாகாணத்து வயல்களில் அடையாளமிட்ட சிறு ஓட்டுத் துண்டுகளை விதைத்துவிட்டு, ஆண்டுக்காண்டு உழவு முடிந்ததும் திரும்பிப் போய் அவற்றைத் தேடினார்; தம் முடிவுகளை 1985இல் வெளியிட்டார். துண்டுகள் நகர்ந்தன என்பது மெய். ஆனால் அந்த நகர்வு அடிக்கணக்கிலும் கஜக்கணக்கிலும் அடங்கியதே தவிர, ஊர்விட்டு ஊர் போகவில்லை. ஒரு குடியிருப்பு இருந்த இடத்தை வயலின் இன்ன மூலை என்று சுட்டுவதற்கு அந்த நகர்வு தடையாவதில்லை. அதைவிட முக்கியமாக அவர் கண்டது, உழுமண்ணில் கலந்திருக்கும் பொருள்களில் எந்த ஓர் ஆண்டிலும் மேற்பரப்பில் தென்படுவது மிகச் சிறிய பங்கே என்பது. வயலில் நாலு ஓடு கண்டோம் என்று எழுதும் ஆய்வாளர், காணாதவை அதைப்போல் பல மடங்கு அதே ஓரடி மண்ணுக்குள் இருக்கின்றன என்பதையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

சுரங்கத்துக்கும் உழுநிலத்துக்கும் இடையே உள்ள இந்த விவகாரத்தை நியாயமாகத் தீர்த்துக்கொண்ட தேசம் எது என்று கேட்டால், ஜெர்மனியின் ரைன்லாந்தைச் சொல்லலாம். அங்கே பழுப்பு நிலக்கரிக்காக மைல் கணக்கில் நிலத்தை அகழ்கிறார்கள். அந்நிலமோ ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கோதுமை விளைந்த செழுமையான வண்டல். 1970களில், ராட்சத இயந்திரங்கள் வருமுன், ஆல்டன்ஹோஃபன் பீடபூமியில் தொல்லியலாளர்கள் புகுந்தார்கள். மேல்மண் முழுவதும் உழவிலும் அரிப்பிலும் போயிருந்தது. வீடுகளின் தரைகூட எஞ்சவில்லை. ஆனால் உழுமண்ணை வழித்துவிட்டுப் பார்த்தபோது, மரத்தூண்கள் நட்ட குழிகளின் அடிப்பாகம் மாத்திரம் மஞ்சள் மண்ணில் கருவட்டங்களாகத் தெரிந்தது. அந்த வட்டங்களை இணைத்து, 7,000 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவின் அப்பகுதியில் முதன்முதல் பயிரிட்டவர்களின் நீண்ட வீடுகளையும், வீதிகளற்ற அவர்கள் கிராமங்களையும், ஒரு தலைமுறை போய் அடுத்த தலைமுறை எங்கே வீடு கட்டிற்று என்பதையும் அவர்கள் எழுதிவிட்டார்கள். இதற்கெனச் சுரங்கக் கம்பெனியும் மாநில அரசும் பணம் போட்டு 1990இல் ஓர் அறநிதியையே ஏற்படுத்தினார்கள். அதே தேசத்தின் ஷோனிங்கன் சுரங்கத்தில், இயந்திரத்தின் வாய்க்கு முன்னால் நின்று பல்லாண்டு அகழ்ந்த ஹார்ட்மூட் தீமே, 1990களில் மரத்தால் செய்த வேட்டை ஈட்டிகளைக் கண்டெடுத்தார். லட்சக்கணக்கான ஆண்டுகள் பழமையான மர ஈட்டி மக்கிப் போகாமல் கிடைத்தது உலகத்தையே வியக்கவைத்தது. சுரங்கம் வெட்டியிராவிட்டால் அந்த ஆழத்துக்கு எவரும் போயிருக்கமாட்டார்கள்; ஆள் நின்று பார்த்திராவிட்டால் ஈட்டிகள் மண்ணோடு மண்ணாக வாரிப் போயிருக்கும்.

நம் தேசத்திலும் பழுப்பு நிலக்கரி உண்டு. நெய்வேலிச் சுரங்கம் இந்த எழுபது ஆண்டுகளில் எத்தனை ஆயிரம் ஏக்கர் உழுநிலத்தைப் புரட்டியிருக்கிறது என்பதைக் கடலூர் மாவட்டத்தார் அறிவார்கள். அச்சுரங்கப் பகுதிக்கு அதிக தூரத்தில் இல்லாத மருங்கூரில் 2024இல் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கிற்று. அங்கே ஈமத்தாழிகளோடு தமிழ் பிராமி எழுத்துள்ள கலங்களும் முன்னரே கிடைத்திருந்தன. மருங்கூரின் மண்ணில் இருந்தது, சுரங்கத்தின் வாய்க்குள் போன அண்டைக் கிராமங்களின் மண்ணில் மட்டும் இல்லாமற்போயிருக்குமா என்று கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது?

இனி, கலைந்த நிலம் என்ற தீர்ப்பு எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நிலக்கரி வெட்டுமுன் ஆதிக்குடிகளின் கற்கருவிகளைத் தேடிப் பண்ணை நிலங்களில் நடந்து பார்ப்பது கட்டாயம். ஆனால் அவ்வறிக்கைகளில் பயிர்த்தொழிலால் கலைந்துபோன நிலம், ஆகவே முக்கியத்துவம் குறைவு என்ற வாக்கியம் சர்வசாதாரணம். நம்மிடமோ அந்த நடையே கிடையாது. குவாரிக் குத்தகைக்கான கோப்பில் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் நகல் இருக்கும், புலப்படம் இருக்கும், வருவாய்க் கோட்டாட்சியரின் அறிக்கையும் கனிமவளத் துறை உதவி இயக்குநரின் அறிக்கையும் சுரங்கத் திட்டமும் இருக்கும். 2012இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணைக்குப் பிறகு, 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறு குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். இவ்வளவிலும் பழமையைப் பற்றி வருவது, பாதுகாக்கப்பட்ட சின்னம் எதுவும் அருகில் இல்லை என்ற ஒரு வரியோடு சரி. புராதனச் சின்னங்களுக்கான 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் 1966ஆம் ஆண்டின் மாநிலச் சட்டமும் பாதுகாப்பது, பாதுகாக்கப்பட்டதென்று அரசிதழில் அறிவிக்கப்பட்டதை. அறிவிக்கப்படுவதற்கு முதலில் எவராவது கண்டிருக்க வேண்டும். கண்டுபிடிக்க எவரும் அனுப்பப்படுவதில்லை. இந்த வட்டத்துக்குள் உழுநிலத்துக் கற்கருவி எந்த வாசலால் நுழையும்?

1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் ஒன்று இன்னும் அமலில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டுமென்பது அதன் விதி. பொற்காசு கிடைத்தவர் அச்சட்டத்துக்கு அஞ்சித் தெரிவிக்கிறாரோ, அஞ்சி மறைக்கிறாரோ, அது வேறு. கற்கோடரிக்குக் கடைவீதியில் பத்துக் காசும் கிடையாது. ஆகவே சட்டத்தின் பார்வையில் அது புதையலே அன்று. உழுகிறவர் அதை எடுத்து வரப்பில் வீசிவிட்டு அடுத்த சாலுக்குப் போகிறார்; அவரைக் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. எனக்கென்னவோ, அந்த வரப்பில் கிடக்கும் கற்களை யாராவது ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை பொறுக்கிப் பூண்டி அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனால் கிடைக்கும் பயன், சட்டத்தின் பல பக்கங்களால் கிடைப்பதைவிடப் பெரிது என்றே தோன்றுகிறது. 1985இல் அரசு அந்த அருங்காட்சியகத்தைப் பூண்டி நீர்த்தேக்கத்தின் பக்கத்தில் வைத்ததே, இப்பள்ளத்தாக்கின் மக்கள் தங்கள் மண்ணை அறிய வேண்டும் என்ற நல்லெண்ணத்தால்தானே.

நிலத்தை நடந்து பார்க்கும் வழக்கம் இப்பக்கத்துக்குப் புதிதுமன்று. கனகம்மாசத்திரத்துக்கு அண்டையில் உள்ள திருவாலங்காட்டுக் கோயிலில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிடைத்த செப்பேடுகள், முதலாம் இராஜேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூரை அக்கோயிலுக்குத் தானம் செய்ததைக் கூறுகின்றன. சோழர் காலத்தில் ஒரு கிராமத்தைத் தானம் செய்வதென்றால், பெண் யானையை முன்னே நடத்தி, அதிகாரிகளும் நாட்டாரும் எல்லை நெடுக உடன் நடந்து, கல்லும் கள்ளியும் நட்டு, வழியில் வந்த வாய்க்காலையும் ஏரியையும் மேட்டையும் பெயர் சொல்லி ஏட்டில் ஏற்றுவார்கள். இன்று ஒரு மலையையே வெட்டிவிடுவதற்கு நில அளவர் ஒருவர் சங்கிலியோடு நடந்து போகிறார். அவரோடு தொல்லியல் அறிந்த ஒருவரும் நடப்பதற்கு எந்தத் தடையும் இருக்க முடியாது.

அந்த நடைக்கும் முறை உண்டு. பயிர் நிற்கும்போதோ, கோடையில் புல்லும் நெருஞ்சியும் மூடியபோதோ போய்ப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று எழுதுவது ஆய்வாகாது. உழவு முடிந்து, விதைப்புக்கு முன், ஒரு நல்ல மழை பெய்து மண் கழுவப்பட்டு, கற்களும் ஓடுகளும் பளிச்சென்று தெரியும் அந்தச் சில நாட்களே தகுந்த காலம். இப்பக்கத்தில் ஆடிப்பட்டத்து உழவும் வடகிழக்குப் பருவத்தின் முதல் மழைகளும் அந்த வாய்ப்பைத் தருகின்றன. சில பேர் ஐந்தாறு மீட்டர் இடைவெளியில் வரிசையாக நின்று, குனிந்த தலை நிமிராமல், வயலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்க வேண்டும். கண்டதை எடுத்த இடத்தை ஜிபிஎஸ் கருவியில் குறிக்க வேண்டும். கண்டது கூட்டமாக வந்த இடத்தில், உழுமண்ணுக்குக் கீழே கலப்பை எட்டாத மண் வரைக்கும் சிறு சோதனைக் குழிகள் இரண்டு மூன்று போட வேண்டும். கிணற்றின் சுவரும் ஓடையின் கரையும் இனாமாகக் கிடைக்கும் குழிகள். அவற்றையும் பார்க்க வேண்டும். மாவட்டத்தில் வேலை நடக்கும் எந்தக் குவாரியின் செலவோடு ஒப்பிட்டாலும் இது அற்பத் தொகை.

குவாரி செய்வதையும் உழவு செய்வதையும் ஒரே தராசில் வைப்பதே அடிப்படைப் பிசகு. உழவன் மண்ணை அதன் இடத்திலேயே புரட்டுகிறான். சந்தேகம் வந்தால் பத்து ஆண்டு கழித்தும் திரும்பிப் போய் அதே வயலில் தேடலாம். குவாரியோ மேல்மண்ணை முதலில் ஜேசிபியால் வழித்துக் குவிக்கிறது. அக்குவியலில் நல்லது சாலை போடவும் மனை மேடாக்கவும் விலையாகிறது. பிறகு கல்லுக்காகப் பத்து இருபது மீட்டர் பள்ளம் விழுகிறது. மேற்கே கிடந்த கற்கோடரி கிழக்கே ஏதோ ஒரு நகரின் மனைப்பிரிவுக்கடியில் போய்ச் சேர்ந்தபின், அதைக் கலைந்த பொருள் என்றுகூடச் சொல்ல முடியாது. அது கல் மாத்திரமே. குத்தகை எல்லைக்கு வெளியே உள்ள வயல்களும் தப்புவதில்லை. லாரிப் பாதையும் கழிவுக் குவியலும் படரப் படர, பயிர் செய்ய முடியாமற்போன நிலங்கள் தரிசாகி, ஒருநாள் அவையும் குத்தகைக்கு வருகின்றன. அப்போது அவற்றின்மேலும் அதே கலைந்த நிலம் என்ற முத்திரை விழுகிறது.

விவசாயிகளின் அச்சத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தொல்லியல் துறையார் வந்து ஓர் ஓட்டை எடுத்துவிட்டால் நிலம் போய்விடும், கிணறு வெட்ட விடமாட்டார்கள், பட்டா செல்லாது என்ற பேச்சு எந்தக் கிராமத்திலும் உண்டு. பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடையும் அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடும் 2010இல் சட்டத்திலேயே இடம்பெற்ற பிறகு அந்தப் பேச்சுக்கு வலுவும் கூடிற்று. கீழடியில் தென்னந்தோப்புக்காரர்கள் இடம் கொடுத்ததால்தான் 2015இல் அகழாய்வு தொடங்க முடிந்தது. பொதுவாக அகழ்ந்த குழிகளைப் பதிவு செய்தபின் மூடி, நிலத்தை உடையவரிடமே ஒப்படைப்பது முறை. இதை அதிகாரிகள் கிராமசபையில் வந்து வாயால் சொல்லவும், எழுத்தால் கொடுக்கவும் வேண்டும். உழவர் தொல்லியலுக்குப் பகையாளியாக நிற்கும் இடத்தில், குவாரிக்காரர் கொடுக்கும் முன்பணமே அவருக்குத் தெரிந்த ஒரே மரியாதையாகிவிடுகிறது.

கண்ணுக்குத் தெரிகிற பழமைக்கு நம் மக்கள் எழுந்து நிற்பார்கள் என்பதற்கு மதுரை மாவட்டமே சாட்சி. 2024 நவம்பரில் அரிட்டாபட்டியை உள்ளிட்ட பகுதியில் டங்ஸ்டன் சுரங்க உரிமைக்கான ஏலம் முடிந்ததும், கிராமம் கிராமமாக மக்கள் திரண்டார்கள்; டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது; 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அங்கே குன்றில் தமிழ் பிராமிக் கல்வெட்டும் சமணர் படுக்கையும் குடைவரைக் கோயிலும் பிரத்தியட்சமாக நின்றன. கனகம்மாசத்திரத்துக் கழனிகளில் நிற்பது ஒன்றுமில்லை. செதுக்கிய ஒரு கல்லுக்காக ஊர் திரளாது. திரள வேண்டுமென்று எதிர்பார்ப்பதும் முறையன்று. அதனால்தான் இங்கே மக்களின் ஆவேசத்தை நம்பாமல் விதியை நம்ப வேண்டியிருக்கிறது.

விதி இருந்தும் கெட்டுப்போகலாம் என்பதை 2020 மே 24ஆம் தேதி மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூக்கன் பள்ளத்தாக்கு காட்டிற்று. 46,000 ஆண்டுகள் மனிதர் புழங்கிய குகைகள் அவை. ஆய்வு நடந்தது, அறிக்கை இருந்தது, நாலாயிரம் ஆண்டுப் பழமையுள்ள பின்னிய முடிக்கயிறும் கிடைத்திருந்தது. இருந்தும், முன்பே வாங்கிவைத்த அனுமதியைக் காட்டி, இரும்புத்தாதுக்காக ரியோ டின்டோ கம்பெனி வெடிவைத்தது. அதன் பிறகு தலைமை நிர்வாகி பதவி இழந்தார், குகை திரும்பவில்லை. அனுமதி முதலில், ஆய்வு பின்னால் என்ற வரிசையே அங்கே நடந்த அனர்த்தத்தின் வேர். நம் விதியை எழுதும்போது ஆய்வை முதலிலும் அனுமதியைப் பின்னாலும் வைக்க வேண்டும்.

ஓடு கிடந்த வயலெல்லாம் குவாரிக்கு ஆகாது என்று நான் வாதிக்கவில்லை. வீடு கட்ட ஜல்லி வேண்டும்; தமிழ்நாட்டில் ஓடு கிடக்காத வயலைத் தேடினால் நாம் அனைவரும் குடிசைக்கே திரும்ப வேண்டியதுதான். பல இடங்களில் ஆய்வின் முடிவு, பதிவு செய்தாயிற்று, இனி வெட்டலாம் என்பதாகவே இருக்கும். சில இடங்களில், முதலில் அகழ்ந்துவிட்டு வெட்டலாம் என்பதாக இருக்கும். மிகச் சில இடங்களில் வெட்டவே கூடாது என்று வரும். இந்த மூன்றில் எது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் வயலை நடந்து பார்த்தவரே தவிர, அது உழுத நிலம் என்று மேசையில் இருந்தபடி எழுதுகிறவர் அல்லர்.

செலவுக்கு எங்கே போவது என்ற கேள்விக்கும் விடை கையிலேயே இருக்கிறது. சுரங்கம், கனிமங்கள் பற்றிய மத்தியச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மாவட்டந்தோறும் கனிம அறக்கட்டளை ஏற்பட்டு, குத்தகைதாரர்களிடமிருந்து அதற்குப் பணம் சேர்கிறது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்குச் செலவிடவே அது உண்டாயிற்று. அதில் ஒரு சிறு பகுதியைத் திருவள்ளூர் மாவட்டத்தில் இதற்கென்று ஒதுக்கி, தொல்லியல் துறையின் மேற்பார்வையில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் பயிலும் மாணவர்களையும் அந்தந்த ஊர் இளைஞர்களையும் சேர்த்து, வரும் ஆடிப்பட்டத்திலேயே திருத்தணி வட்டத்திலிருந்து தொடங்கலாம். குத்தகைக்கு விண்ணப்பம் வந்துள்ள புல எண்கள் கனிமவளத் துறை அலுவலகத்தில் இருக்கின்றன. முதலில் அவற்றையும், அடுத்து அவற்றைச் சுற்றியுள்ள வயல்களையும் நடந்து முடிக்க ஓர் உழவுப் பருவம் போதும். நடந்த தேதியையும் அன்று வயல் இருந்த நிலையையும் அறிக்கையில் கட்டாயம் எழுத வேண்டும். அறிக்கை தமிழில் இருக்க வேண்டும். குத்தகை உத்தரவில் கையெழுத்தாகும் முன் அதன் பிரதி ஒன்று கிராமசபையிலும் மற்றொன்று பூண்டி அருங்காட்சியகத்திலும் வைக்கப்பட வேண்டும்.